கணிப்பு கைக்கு வந்ததும் தலைவர்கள் என்ன செய்கிறார்கள்?

மார்ச் 3, ஒரு வாசகரின் கேள்வி

கருத்துக்கணிப்பைத் தடை செய்ய வேண்டும் என்று கத்துபவர்கள் எல்லாம் தோற்கப்போகிறவர்கள்தான். கணிப்பு இல்லையென்றால் அரசியல்வாதி ஐந்து வருஷத்துக்கு ஒருமுறைதான் மக்கள் பேச்சைக் கேட்பார். இப்போது வாராவாரம் கேட்க வேண்டியிருக்கிறது. இது ஜனநாயகத்துக்கு நல்லதுதானே? இதில் என்ன கெடுதல்?

மார்ச் 3, இரவு

தடை வேண்டாம் என்பதில் நானும் உங்கள் பக்கம்தான். 'வாராவாரம் கேட்க வேண்டியிருக்கிறது' என்ற இடத்தில்தான் உடன்பட முடியவில்லை. கணிப்பு கைக்கு வந்ததும் தலைவர்கள் என்ன செய்தார்கள் என்று தேடிப் பார்த்தால், மக்கள் கேட்டதைச் செய்தார்கள் என்ற கதை குறைவாகத்தான் கிடைக்கிறது. தேர்தலை எப்போது வைப்பது, யாரைத் தலைவராக வைப்பது, ஏற்கெனவே எடுத்த முடிவை எப்படிச் சொன்னால் எடுபடும், இந்த மூன்றுக்கும்தான் அது பெரும்பாலும் பயன்பட்டிருக்கிறது.

பிரிட்டனையே எடுத்துக்கொள்ளுங்கள். 2007இல் கார்டன் பிரவுன் பிரதமராகிச் சில மாதங்களில் கணிப்புகளில் அவருடைய லேபர் கட்சி நன்றாக முன்னால் இருந்தது. முன்கூட்டியே தேர்தல் வரும் என்று கட்சிக்குள்ளேயே பேச்சு, பத்திரிகைகளில் தேதி குறிக்கும் அளவுக்குப் பரபரப்பு. அக்டோபர் தொடக்கத்தில் எதிர்க்கட்சி வாரிசுரிமை வரியைக் குறைப்போம் என்று அறிவித்ததும், இழுபறித் தொகுதிகளில் எடுத்த கணிப்பு திரும்பியது. தேர்தல் இல்லை என்று சொல்லிவிட்டார் பிரவுன். கணிப்புக்காக மாற்றவில்லை என்று அவர் சொன்னதை நம்பியவர்கள் குறைவு. 2010இல் ஆட்சி போனது.

பத்து வருஷம் கழித்து கன்சர்வேட்டிவ் பிரதமர் தெரேசா மே. 2017 ஏப்ரலில் 20 புள்ளி அளவுக்கு முன்னிலை காட்டிய கணிப்புகள் வந்துகொண்டிருந்தன, திடீர்த் தேர்தல் அறிவித்தார். ஜூன் 8ஆம் தேதி வாக்குப்பதிவு முடிந்து எண்ணிப் பார்த்தால் 2015இல் கட்சி வென்ற 330 இடங்கள் 317 ஆகக் குறைந்து பெரும்பான்மையே போய்விட்டது.

மக்களுக்கு என்ன வேண்டும் என்பது இந்த இரண்டு கதையிலும் எங்கேயும் வரவில்லை. தேதி மட்டும்தான் வருகிறது.

மார்ச் 4, காலை

யாரைத் தலைவராக வைப்பது என்பதற்கு ஆஸ்திரேலியாவைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரிந்து கிடையாது. 2015 செப்டம்பரில் மால்கம் டர்ன்புல் தன் கட்சியின் பிரதமர் டோனி அபாட்டை எதிர்த்துக் கிளம்பியபோது, நியூஸ்போல் என்ற கருத்துக்கணிப்பில் 30 முறை தொடர்ந்து பின்தங்கிவிட்டோம் என்பதை ஒரு காரணமாகவே வெளிப்படையாகச் சொன்னார். வென்று பிரதமரும் ஆனார். சொன்ன எண்ணை ஊடகம் விடவில்லை. அவருடைய அரசு பின்தங்கிய ஒவ்வொரு கணிப்பும் 'இது எத்தனையாவது' என்ற எண்ணிக்கையோடுதான் செய்தியானது. 2018 ஏப்ரலில் அவருக்கும் 30 வந்தது. ஆகஸ்டில் அவர் கட்சியே அவரை இறக்கியது.

அடுத்து நடந்ததைச் சொன்னால்தான் இதன் முழு கனம் தெரியும். 2019 மே தேர்தலில் வெளியான கடைசிக் கணிப்புகள் அத்தனையும் எதிர்க்கட்சியான லேபர் முன்னிலை என்றன. வென்றது ஆளும் கூட்டணி. அத்தனை நிறுவனங்களும் ஒரே திசையில், ஏறக்குறைய ஒரே அளவில் விலகியிருந்தன. ஒரு நாட்டின் பிரதமரை மாற்றும் அளவுக்குக் கட்சிக்காரர்கள் எந்த எண்ணை நம்பினார்களோ, அந்த எண் சில புள்ளி இடைவெளியைத் துல்லியமாகச் சொல்லக்கூடிய கருவியே இல்லை. அந்த வருஷங்களில் அங்கே மின்சாரம், பருவநிலை பற்றிய கொள்கை எத்தனை முறை கைமாறியது என்று பாருங்கள். அதில் தலைவர் நாற்காலி ஆடியதற்கும் பெரிய பங்கு உண்டு.

மார்ச் 4, மாலை

'வீட்டில் உட்கார்ந்து சொல்வது சுலபம், ஒரு சர்வேயாவது நேரில் பார்த்ததுண்டா' என்று ஒருவர் கேட்டிருக்கிறார். உண்டு. படிக்கும் காலத்தில் விடுமுறையில் ஒரு ஆய்வு நிறுவனத்துக்காகக் கேள்வித்தாளை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போயிருக்கிறேன். அதில் மறக்காமல் நிற்பது 'தெரியாது' என்ற கட்டம்தான்.

தாளில் ஒவ்வொரு கேள்விக்கும் கடைசியில் 'தெரியாது / சொல்ல விருப்பமில்லை' என்று ஒரு கட்டம் இருக்கும். அந்தக் கட்டம் அதிகம் நிரம்பிய தாள்களை மேற்பார்வையாளர் திருப்பிக் கொடுத்துவிடுவார், சரியாகக் கேட்கவில்லை என்று. திருப்பிய தாளுக்குப் பணம் வராது. அதனால் எங்களுக்கெல்லாம் ஒரு பழக்கம் வந்துவிட்டது. ஒருவர் 'இதைப் பத்தி நான் யோசிச்சதே இல்லியே' என்றால் அப்படியே குறித்துக்கொள்ளாமல், 'இருந்தாலும் இப்ப சொல்லணும்னா எந்தப் பக்கம்?' என்று மறுபடி கேட்போம். அவரும் வந்தவரை ஏன் வெறுங்கையோடு அனுப்ப வேண்டும் என்று ஒன்றைச் சொல்வார். ஒரு பெரியவர் என்னிடம், 'மத்தவங்க எல்லாம் எதைச் சொன்னாங்க? அதையே போட்டுக்கப்பா' என்றார். ஒரு அம்மா கதவைப் பாதி திறந்தபடி, உள்ளே இருந்த மகனிடம் கேட்டுக் கேட்டுப் பதில் சொன்னார், அவருடைய தாளில் இருந்தது முழுக்க மகனின் கருத்து. இதெல்லாம் கடைசியில் ஒரு சதவீதமாக மாறித் தலைப்புச் செய்தியில் வரும்போது, அந்தப் பெரியவரும் 'மக்களின் உறுதியான ஆதரவு' என்பதற்குள் போய்விடுகிறார்.

இது என் சொந்த அனுபவத்தில் மட்டும் நடந்தது இல்லை. அமெரிக்காவில் 1947இலேயே 'மெட்டாலிக் மெட்டல்ஸ் சட்டம்' என்று இல்லாத ஒரு சட்டத்தைப் பற்றிக் கேட்டதில், கேட்கப்பட்டவர்களில் சுமார் 70 சதவீதம் பேர் கருத்துச் சொன்னார்கள். 1970களின் கடைசியில் சின்சினாட்டியில் '1975ஆம் ஆண்டின் பொது விவகாரச் சட்டம்' என்று இன்னொரு கற்பனைச் சட்டத்தைக் கேட்டார்கள், மூன்றில் ஒருவர் ஆதரவோ எதிர்ப்போ தெரிவித்தார். அவர்கள் பொய் சொல்லவில்லை. கேள்வி கேட்டால் பதில் சொல்வது மனித இயல்பு. அந்தப் பதிலைக் கருத்து என்று எண்ணுவதில்தான் பிரச்சினை.

மார்ச் 5

'ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம், ஆயிரம் பேர் போதும்' என்று எழுதியிருப்பவருக்கு: போதும், பானையைக் கிளறியிருந்தால். 1936இல் அமெரிக்காவின் லிட்டரரி டைஜஸ்ட் பத்திரிகை ஏறக்குறைய ஒரு கோடி வாக்குச்சீட்டுகளைத் தபாலில் அனுப்பி, 20 லட்சத்துக்கு மேல் திரும்பப் பெற்று, அதிபர் ரூஸ்வெல்ட்டை எதிர்த்த வேட்பாளர் ஆல்ஃப் லாண்டன் வெல்வார் என்றது. ரூஸ்வெல்ட் 48 மாநிலங்களில் 46ஐ வென்றார். அதைவிட மிகச் சின்ன மாதிரியை வைத்துக் கணிப்பாளர் ஜார்ஜ் காலப் சரியாகச் சொன்னார். அதே காலப் 1948இல் ட்ரூமன் தோற்பார் என்று சொல்லித் தவறினார். எண்ணிக்கை பெரிதா சிறிதா என்பதைவிட யார் விட்டுப்போனார்கள் என்பதுதான் கேள்வி. இப்போது அந்தக் கேள்வி இன்னும் கடினமாகிவிட்டது. பியூ ஆய்வு மையத்தின் தொலைபேசி ஆய்வுகளில் 1997இல் அழைக்கப்பட்டவர்களில் 36 சதவீதம் பேர் பதில் சொன்னார்கள், 2018இல் 6 சதவீதம். மீதி 94 பேர் எப்படிப்பட்டவர்கள் என்பதை நிறுவனம் ஊகித்துத்தான் எடை போட வேண்டும்.

அந்த ஊகம் எவ்வளவு பெரிய வேலை செய்கிறது என்பதற்கு 2016இல் நியூயார்க் டைம்ஸ் செய்த சோதனையைப் பாருங்கள். ஃபுளோரிடாவில் 867 பேரிடம் எடுத்த ஒரே பதில்களை நான்கு கணிப்பாளர் குழுக்களிடம் கொடுத்தார்கள். ஒரு முனையில் கிளின்டன் 4 புள்ளி முன்னிலை, மறுமுனையில் டிரம்ப் 1 புள்ளி முன்னிலை. ஒரே மக்கள், ஒரே பதில்கள், 5 புள்ளி வித்தியாசம். யார் வாக்களிக்க வருவார்கள், யாருடைய பதிலுக்கு எவ்வளவு எடை என்று ஒவ்வொருவரும் வேறுவேறாக முடிவெடுத்ததால் வந்தது இது.

மார்ச் 5, இரவு

ஊடகம் பற்றிக் கேட்டீர்கள். இங்கே கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன், ஏனென்றால் பிற்பாடு நான் செய்தி மேசையில் வேலை பார்த்திருக்கிறேன், இது உள்ளே இருந்து பார்த்தது.

தேர்தல் நேரத்தில் ஒரு மாலை. மூடப்பட்ட அரசு மருத்துவமனைப் பிரிவுகளைப் பற்றி ஒரு நிருபர் நாள்கணக்கில் அலைந்து எழுதிய கட்டுரை முதல் பக்கத்துக்குத் தயாராக இருந்தது. கணிப்பு முடிவு வந்தது. ஒரு கட்சி 2 புள்ளி ஏறியிருந்தது. கட்டுரை உள்பக்கத்துக்குப் போய், பாதியாக வெட்டப்பட்டு, மறுநாள் அதற்கும் இடமில்லாமல் போனது. 'வேகம் எடுக்கிறது' என்ற தலைப்பில் அந்த 2 புள்ளி வந்தது. ஆயிரம் பேர் மாதிரியில் ஒரு கட்சியின் சதவீதத்துக்கே பிழை வரம்பு, அதாவது எல்லோரையும் கேட்காமல் சிலரை மட்டும் கேட்பதாலேயே வரக்கூடிய விலகல், மேலும் கீழும் 3 புள்ளி. இரண்டு கட்சிகளுக்கு நடுவே உள்ள இடைவெளி என்றால் ஏறக்குறைய அதன் இரண்டு மடங்கு. ஆக யாரும் மனம் மாறாமலே அந்த 2 புள்ளி ஏற்றம் வந்திருக்கலாம். இதை மேசையில் இருந்த எல்லோரும் அறிவார்கள். கடைசி வரியில் சின்ன எழுத்தில் பிழை வரம்பும் போட்டோம்.

ஏன் இப்படி நடக்கிறது? கணிப்பு மலிவான செய்தி. எண் தயாராக வருகிறது, யாரும் அலைய வேண்டாம், அவதூறு வழக்கு வராது, இரண்டு தரப்பையும் கூப்பிட்டு ஒரு மணி நேரம் பேச வைக்கலாம், அடுத்த வாரம் புது எண். மருத்துவமனைக் கட்டுரைக்கு இதில் எதுவும் கிடையாது. பேட்டியிலும் இதேதான். நிதி எங்கிருந்து வரும் என்று வேட்பாளரிடம் கேட்க வேண்டிய நேரத்தில், 'நீங்கள் பின்தங்கியிருக்கிறீர்களே, எப்படி உணர்கிறீர்கள்' என்று கேட்கிறார்கள். அவருக்கும் அது வசதி. கடைசிக் கணிப்பு வாக்குச்சாவடியில்தான் என்று ஒரு வரி சொல்லிவிட்டு எழுந்து போய்விடலாம்.

மார்ச் 6

நேற்று எழுதியதை மறுபடி படித்ததில், ஊடகமும் அரசியல்வாதியும் தனித்தனியாகக் கணிப்பைப் பயன்படுத்துவது போல ஒரு தோற்றம் வருகிறது. உண்மையில் இரண்டும் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டே போகும். 2015 பிரிட்டன் தேர்தலில் அதை அப்படியே பார்க்கலாம்.

இரண்டு பெரிய கட்சிகளும் சமம் என்றே கணிப்புகள் சொல்லிக்கொண்டிருந்தன. அதனால் பிரச்சாரச் செய்திகளில் பெரிய பங்கு 'யாருக்கும் பெரும்பான்மை இல்லை, யார் யாரோடு சேருவார்கள்' என்பதற்கே போனது. அதைப் பிடித்துக்கொண்டது கன்சர்வேட்டிவ் கட்சி. லேபர் தலைவர் எட் மிலிபாண்ட், ஸ்காட்லாந்து தேசியக் கட்சியின் முன்னாள் தலைவர் அலெக்ஸ் சால்மண்டின் சட்டைப் பையில் உட்கார்ந்திருப்பது போல விளம்பரம் போட்டார்கள். லேபர் வந்தால் ஸ்காட்லாந்துக்காரர்கள் ஆட்டிவைப்பார்கள் என்ற பயம். அந்தப் பயத்துக்கு ஆதாரமே கணிப்புதான். முடிவு வந்தபோது கன்சர்வேட்டிவ் 6 புள்ளிக்கு மேல் முன்னிலை, தனிப் பெரும்பான்மை. மாதிரிகள் மக்கள்தொகையைச் சரியாகப் பிரதிபலிக்காததுதான் முக்கியக் காரணம் என்று பிறகு விசாரணைக் குழு சொன்னது. அதாவது நடக்காத ஒரு தொங்கு நாடாளுமன்றத்தைப் பற்றி ஒரு நாடே வாரக்கணக்கில் விவாதித்து, அதை மனதில் வைத்துப் பலர் வாக்கும் போட்டார்கள். பள்ளிக்கூடம், வீட்டு வாடகை, வரி எல்லாம் அந்த வாரங்களில் பின்னுக்குப் போனதை நினைத்தால் எனக்கு இன்றும் கோபம் வருகிறது.

இதில் இன்னொரு விஷயம். தேர்தலுக்கு முந்தின நாள் சர்வேஷன் என்ற நிறுவனத்துக்குக் கன்சர்வேட்டிவ் 37, லேபர் 31 என்று ஒரு கணிப்பு வந்தது. கிட்டத்தட்ட உண்மை முடிவு. மற்ற எல்லோரிடமிருந்தும் விலகி இருந்ததால் பயந்து வெளியிடாமல் வைத்துவிட்டோம் என்று அதன் தலைவரே பிறகு எழுதினார். கூட்டத்தோடு தவறுவதில் ஆபத்து குறைவு, தனியாகத் தவறினால் தொழிலே போய்விடும். அதனால் ஐந்து நிறுவனங்கள் ஒரே மாதிரி சொல்வதை ஐந்து சாட்சிகளாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

மார்ச் 7

'கணிப்பால் மக்களுக்கு நல்லது நடந்த ஒரு இடமாவது சொல்லுங்கள்' என்று முதல் கேள்வியைக் கேட்டவரே வந்திருக்கிறார். சொல்கிறேன், 2014 ஸ்காட்லாந்து.

பிரிவினைக்கான பொதுவாக்கெடுப்பு செப்டம்பர் 18. அதற்குச் சுமார் இரண்டு வாரம் முன்பு யூகவ் கணிப்பு ஒன்று பிரிவினைக்கு 51, எதிராக 49 என்றது. லண்டன் அதிர்ந்தது. பிரதமர் கேமரூனும் மற்ற இரண்டு கட்சித் தலைவர்களும் வாராந்திரக் கேள்வி நேரத்தைக்கூட விட்டுவிட்டு வடக்கே ஓடினார்கள். செப்டம்பர் 16 அன்று மூவரும் கையெழுத்திட்டு, ஸ்காட்லாந்து நாடாளுமன்றத்துக்குக் கூடுதல் அதிகாரம் தருவோம் என்று ஒரு பத்திரிகையின் முதல் பக்கத்தில் வாக்குறுதி கொடுத்தார்கள். முடிவில் 55 சதவீதம் பேர் பிரிய வேண்டாம் என்றார்கள். வாக்குறுதி 2016இல் சட்டமாகவும் வந்தது.

ஆகக் கணிப்பு கொள்கையையே மாற்றியிருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்தக் கூடுதல் அதிகாரத்தைக் கேட்டு ஸ்காட்லாந்தில் வருஷக்கணக்காகப் பேசியவர்கள் இருந்தார்கள். அவர்களுக்குக் கிடைக்காத வேகம் பிழை வரம்புக்குள் இருந்த ஒரே ஒரு எண்ணுக்குக் கிடைத்தது. ஒரு நாட்டின் அதிகாரப் பகிர்வை சில நாளில் பதற்றத்தில் முடிவு செய்ததை நல்ல உதாரணம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

எனக்குப் பிடித்த உதாரணம் இதற்கு நேர் எதிரானது. 1981 பிரான்ஸ் அதிபர் தேர்தல். மரண தண்டனை வேண்டும் என்பதுதான் கணிப்புகளில் பெரும்பான்மை. வாக்குப்பதிவுக்குச் சில வாரம் இருக்கும்போது வேட்பாளர் மித்தெரான் தொலைக்காட்சியில், நான் அதற்கு எதிரானவன், பெரும்பான்மைக் கருத்து வேறு என்று தெரிந்தே சொல்கிறேன் என்ற பொருளில் பேசினார். வென்றார். அதே ஆண்டு அக்டோபரில் தண்டனை ஒழிந்தது. அவர் கணிப்பைப் பார்க்காமல் இருக்கவில்லை. எங்கே மக்களிடம் இன்னும் பேச வேண்டும் என்பதை அது காட்டியது, அவ்வளவுதான்.

மார்ச் 8

சின்னக் குறிப்பு. 2015 ஆகஸ்டில் அமெரிக்கக் குடியரசுக் கட்சியில் அதிபர் வேட்பாளராகப் போட்டியிட்டவர்களின் முதல் விவாத மேடைக்கு ஃபாக்ஸ் நியூஸ் ஐந்து தேசியக் கணிப்புகளின் சராசரியில் முதல் பத்துப் பேரை மட்டும் எடுத்தது. 10ஆம் இடத்துக்கும் 11ஆம் இடத்துக்கும் இருந்த இடைவெளி பிழை வரம்பைவிடச் சின்னது. 11ஆம் இடத்தில் இருந்த ரிக் பெர்ரி பார்வையாளர் குறைந்த முன்மாலை நிகழ்ச்சிக்குப் போனார், செப்டம்பரில் போட்டியிலிருந்தே விலகினார். அவருக்கு வேறு சிக்கல்களும் இருந்தன. இருந்தாலும் பெயர் தெரியாதவரைக் கணிப்பில் யார் சொல்வார்கள், கணிப்பில் வராதவரை மேடையில் யார் ஏற்றுவார்கள்?

மார்ச் 9

இந்தியா பற்றி ஏன் எதுவும் இல்லை என்று கேட்டவருக்கு. 2004இல் வாஜ்பாய் அரசு தேர்தலை முன்கூட்டியே வைத்ததில் மூன்று மாநில வெற்றிகளோடு சாதகமான கணிப்புகளும் சேர்ந்திருந்தன. முடிவில் காங்கிரஸுக்கு 145 இடம், பாஜகவுக்கு 138. இருபது வருஷம் கழித்து 2024 ஜூன் 1 மாலை வந்த எக்ஸிட் போல்களில் பெரும்பாலானவை ஆளும் கூட்டணிக்கு 350க்கு மேல் என்றன. ஜூன் 3 பங்குச்சந்தை எகிறியது, ஜூன் 4 எண்ண ஆரம்பித்ததும் சென்செக்ஸ் 5 சதவீதத்துக்கு மேல் சரிந்தது. கூட்டணிக்குக் கிடைத்தது 293. வாக்குப்பதிவு முடிந்த பிறகு வந்த கணிப்பு வாக்கை மாற்றாது என்பார்கள். சரி, மூன்று நாளில் பணத்தை இழந்தவருக்கு அது சமாதானம் ஆகாது.

இங்கே இன்னொரு கஷ்டமும் இருக்கிறது. வாக்கு சதவீதத்தைக் கணித்தாலும் அதைத் தொகுதிகளாக மாற்ற வேண்டும். கூட்டணி உடைந்தாலோ எதிர் வாக்குகள் பிரிந்தாலோ 2 சதவீத வித்தியாசம் பல பத்துத் தொகுதிகளைப் புரட்டிவிடும். டிவியில் முதலில் பளிச்சென்று வருவது தொகுதி எண்தான், வாக்கு சதவீதத்தைச் சொல்லவே மாட்டார்கள் பல சமயம்.

மார்ச் 10

தடை பற்றி. இத்தாலியில் வாக்குப்பதிவுக்கு முந்தைய 15 நாள் கணிப்பு வெளியிடக் கூடாது. பிரான்சில் முன்பு ஒரு வாரம் இருந்ததை 2002இல் குறைத்து முந்தின நாளும் வாக்குப்பதிவு நாளும் என்று ஆக்கினார்கள். இந்தியாவில் வாக்குப்பதிவு முடிவதற்கு முந்தைய 48 மணி நேரம், எக்ஸிட் போலுக்குக் கடைசிக் கட்டம் முடியும் வரை. நாள்களை நீட்டினால் என்ன ஆகும்? கட்சிகளும் பணம் உள்ளவர்களும் சொந்தமாக எடுத்துப் பார்த்துக்கொண்டேதான் இருப்பார்கள். வாக்காளர் ஒருவர்தான் கண்ணைக் கட்டிக்கொண்டு நிற்பார். அதனால்தான் முதல் நாளே தடை வேண்டாம் என்றேன்.

எனக்கு வேண்டியது வேறு. பணம் கொடுத்தது யார் என்று முதலில் சொல்ல வேண்டும். ஆஸ்திரியாவில் 2021 அக்டோபரில் செபாஸ்டியன் குர்ஸ் பிரதமர் பதவியை விட்டது எதனால்? சில வருஷம் முன்பு நிதி அமைச்சகத்தின் பணத்தில், அவருக்குச் சாதகமாகத் திருத்திய கணிப்புகள் ஒரு பத்திரிகையில் வந்தன என்ற குற்றச்சாட்டில் விசாரணை தொடங்கியது. அவர் மறுத்தார், மறுத்துக்கொண்டே பதவி விலகினார். அப்புறம், 'தெரியாது' என்றவர்கள் எத்தனை பேர் என்பதை மற்ற எண்களுக்குச் சமமான பெரிய எழுத்தில் போட வேண்டும். அவர்களை நீக்கிவிட்டு மீதியை நூறாக்கிக் காட்டுவதை நிறுத்த வேண்டும். முழுக் கேள்வித்தாளையும் வெளியிட வேண்டும்.

மார்ச் 11

கேள்வித்தாளை முழுசாக வெளியிடச் சொல்வது அதிகப்படி என்கிறார் ஒருவர். இல்லை. 1948இல் அமெரிக்காவில் கம்யூனிஸ்ட் நாட்டு நிருபர்களை உள்ளே விடலாமா என்று முதலில் கேட்டபோது 36 சதவீதம் பேர்தான் சரி என்றார்கள். 'அமெரிக்க நிருபர்களை ரஷ்யா அனுமதிக்க வேண்டுமா' என்று முன்னால் கேட்டுவிட்டு இதைக் கேட்டபோது 73 சதவீதம். கேள்வியில் ஒரு எழுத்து மாறவில்லை, வரிசை மட்டும்தான் மாறியது. தலைப்பில் 36 வந்தால் ஒரு அமைச்சர் கதவை மூடுவார், 73 வந்தால் திறப்பார். எந்தக் கேள்விக்கு முன்னால் எதைக் கேட்டார்கள் என்று தெரியாமல் இரண்டையும் எப்படி எடுத்துக்கொள்வது?

அதனால் அடுத்த கணிப்பு வந்ததும் இங்கே ஒட்டுகிறவர்கள் கேள்விகளை அவை கேட்கப்பட்ட வரிசையோடு சேர்த்தே ஒட்டுங்கள். நிறுவனம் அதை வெளியிடவில்லை என்றால் அதையும் எழுதுங்கள். அந்தக் கணிப்பைப் பற்றி நான் ஒரு வரியும் பேசப்போவதில்லை.